பேராசிரியர் துப்பறிகிறார், ஊர் சிரிக்கிறது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள்.

என் பெரியண்ணன் பேத்தி ஒருத்தி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறாள். சிரிக்கவைக்கும் துப்பறியும் கதைகளை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரியவர், "அதெல்லாம் பஸ் ஸ்டாண்டுல வாங்கி ரயில்ல தொலைச்சிட்டு வர்ற புத்தகம்மா. ஆராய்ச்சிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை முகம் வாடிப்போய் எனக்குப் போன் போட்டது. "சின்னத் தாத்தா, ஹிஸ்டரி வாத்தியாரா நீங்க சொல்லுங்க. அதுல ஆராய ஒண்ணுமே இல்லையா?"

எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்கு மட்டும் எழுதுவானேன், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

முதலில் வெளியூர்க் கதை. பிறகு நம்மூருக்கு வருவோம்.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தைக் களமாக வைத்து துப்பறியும் நாவல் எழுதுவது ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்தது. 1935-ல் டோரதி சேயர்ஸ் எழுதிய 'காடி நைட்' அதில் ஒரு மைல்கல். 'காடி' என்பது ஆக்ஸ்போர்டில் பழைய மாணவர்கள் கூடிச் சாப்பிடும் விருந்து. நீங்கள் வெள்ளிவிழா என்று மண்டபம் பிடித்து, ஒரே நிறத்தில் சேலையும் சட்டையும் எடுத்து, என்னையும் மேடையில் உட்காரவைத்தீர்களே, அந்த மாதிரி. அப்படி ஒரு விருந்துக்குத் தன் பழைய பெண்கள் கல்லூரிக்கு வரும் ஒரு எழுத்தாளர், அங்கே யாரோ மொட்டைக் கடிதம் எழுதுவதையும் பொருள்களை நாசம் செய்வதையும் காண்கிறார். அவ்வளவு பெரிய நாவலில் ஒரு கொலைகூடக் கிடையாது. ஆனாலும் கீழே வைக்க முடியாது.

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சேயர்ஸ் ஆக்ஸ்போர்டில் 1912 முதல் 1915 வரை படித்தவர். தேர்வும் எழுதித் தேறினார். ஆனால் பட்டம் கிடையாது. பெண்கள் படிக்கலாம், பட்டம் வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. 1920-ல் விதி மாறியபோது பட்டம் வாங்கிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். எந்த இடத்துக்குள் நுழைய இடம் கொடுக்காமல் வைத்திருந்தார்களோ, அந்த இடத்தின் மேல் அவருக்கு அன்பும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்த நாவல் அது. முடிச்சை அவிழ்த்து உங்கள் ருசியைக் கெடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வம்புக்கெல்லாம் வேரில் இருப்பது, ஓர் ஆய்வாளர் தன் முடிவுக்கு எதிராக இருந்த ஆதாரத்தை மறைத்த விஷயம்தான்.

அடுத்த ஆண்டு, 1936-ல், மைக்கேல் இன்ஸ் என்ற பெயரில் ஒரு நாவல் வந்தது. ஒரு கல்லூரித் தலைவர் தம் மாளிகையிலேயே செத்துக் கிடக்கிறார். சந்தேகம் முழுவதும் பேராசிரியர்கள் மேல். எழுதியவரின் உண்மைப் பெயர் ஸ்டூவர்ட். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் வேலைக்குக் கப்பலில் போகும்போது எழுதிய நாவல் அது.

பிறகு எட்மண்ட் கிரிஸ்பின் வந்தார். அவருடைய துப்பறிவாளர் ஜெர்வேஸ் ஃபென், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். 1946-ல் வந்த 'தி மூவிங் டாய்ஷாப்' நாவலில் ஒரு கவிஞர் நடுராத்திரியில் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைகிறார். உள்ளே ஒரு பிணம். மண்டையில் அடி வாங்கி மயங்கி, விழித்து, போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மளிகைக் கடை இருக்கிறது. பொம்மைக் கடையே அங்கே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஃபென் ஒரு சிவப்புக் காரில் ஆக்ஸ்போர்டைக் கலக்குகிறார். நடுநடுவே படிக்கவே முடியாத புத்தகங்கள் எவை என்று பட்டியல் போட்டு விளையாடுகிறார். பாடம் நடத்துவது மட்டும்தான் நடப்பதில்லை. கிரிஸ்பினும் புனைபெயர்தான். நிஜப் பெயர் புரூஸ் மாண்ட்கோமரி. சினிமாவுக்கு இசையமைத்தவர்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் கரோலின் ஹைல்பிரன், 1964 முதல் அமண்டா கிராஸ் என்ற பெயரில் இத்தகைய நாவல்கள் எழுதினார். அவர்தான் எழுதுகிறார் என்பதை முதலில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை நிரந்தரமாகாது என்ற பயம். 1981-ல் அவர் எழுதிய ஒரு நாவலில், ஹார்வர்டு ஆங்கிலத் துறைக்கு முதல்முதலாக வந்த பெண் பேராசிரியர் ஆண்கள் கழிப்பறையில் இறந்து கிடக்கிறார். அங்கே பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு அதைவிடக் கூர்மையான கேலி வேண்டுமா?

பார்த்தீர்களா, ஸ்டூவர்ட், மாண்ட்கோமரி, ஹைல்பிரன் மூன்று பேரும் வேறு பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். படித்தவர் சிரிக்கவைத்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது. என் பேத்திக்குக் கிடைத்த பதில் நம்மூர்ச் சரக்கு மட்டும் இல்லை.

சரி, இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன? நான் யோசித்த காரணங்கள் மூன்று.

முதல் காரணம், கல்லூரி என்பது சுவர் வைத்த ஊர். கேட் உண்டு, வாட்ச்மேன் உண்டு, ஹாஸ்டல் உண்டு. முப்பது வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. யார் யாரோடு பேசுவதில்லை என்பது பியூனுக்குத் தெரியும். வெளியாள் உள்ளே வந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். துப்பறியும் கதைக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

இரண்டாவது, படிப்பு பெரிசு, சண்டை சின்னது. உலகத்தையே அலசுகிற மூளை, தன் அறைக்கு ஏன் பழைய மின்விசிறி கொடுத்தார்கள் என்று மூன்று மாதம் புழுங்கும். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்றால், அவருக்கு மத்தியானச் சாப்பாடு எந்த ஓட்டலில் என்பதற்கு நடக்கும் விவாதத்தில் பாதிகூட ஆய்வேட்டுக்கு நடக்காது. அறிவுக்கும் நடத்தைக்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். துப்பறிபவரும் ஆராய்ச்சி செய்பவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "உனக்கு எப்படித் தெரியும்?" வகுப்பில் நான் ஓயாமல் உங்களைக் கேட்டது இதைத்தான். அதனால் 'எப்படித் தெரியும் சார்' என்று நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

தமிழின் முதல் துப்பறியும் நாவல் என்று சொல்லப்படுவது 1894-ல் வந்தது. தானவன் என்ற போலீஸ் நிபுணர் கண்டுபிடித்த குற்றங்களைச் சொல்லும் கதை. எழுதியவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி. அவர் யார் தெரியுமா? பல மொழி கற்றவர். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1881-ல் தொல்லியல் துறையில் ராபர்ட் சீவெல் என்ற அதிகாரியின் கீழ் வேலைக்குச் சேர்ந்தவர். கல்வெட்டுகளையும் பழைய ஏடுகளையும் பார்த்துப் பழகிய பண்டிதர்தான் தமிழில் துப்பறியும் கதையைத் தொடங்கிவைத்தார். அதுவும் சொந்தப் பெயரிலேயே! பிற்காலத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பெயரை ஒளித்துக்கொண்டு செய்த வேலையை, நம் பண்டிதர் நாற்பது வருஷத்துக்கு முன்பே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு செய்துவிட்டார்.

அந்த சீவெல்தான் 1882-ல் மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்து மலைக் குகைகளில் இருக்கும் எழுத்துகளைக் கண்டு சொன்னவர். கண்டாரே தவிர, படிக்க முடியவில்லை. எழுத்து அசோகர் காலத்து பிராமி போல இருந்தது. மொழி பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று படித்துப் பார்த்தால் பொருள் வரவில்லை. நாற்பது வருஷம் இப்படியே போனது. 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு துப்பைப் பிடித்தார். வடக்கே இல்லாத சில எழுத்துகள் இங்கே இருக்கின்றன. ழ, ள, ற, ன. இந்த ஒலிகள் வேண்டிய மொழி எது? தமிழ்தானே! மொழி தமிழ் என்று அவர் சொன்ன பிறகு, ஐராவதம் மகாதேவன் 1960-களில் அந்தக் கல்வெட்டை மறுபடி படித்து நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைக் கண்டுபிடித்தார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயர் பாறையில் வந்து நின்றது.

நான்கு எழுத்தை வைத்து ஒரு மொழியைப் பிடிப்பதும், சிகரெட் சாம்பலை வைத்து ஆளைப் பிடிப்பதும் ஒரே வித்தைதான். இதைப் பார்க்க நீங்கள் ஆக்ஸ்போர்டு போக வேண்டாம். நம் நாகமலை அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் தாண்டி மேலே ஏறினால் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். சிற்பங்களும் வட்டெழுத்தும் இருக்கின்றன. முத்துப்பட்டியிலும் கொங்கர்புளியங்குளத்திலும் தமிழி எழுத்தே இருக்கிறது. நம்மைச் சுற்றித் துப்புகள்தான்.

நம் ஊரே இரண்டு கல்விக்கூடங்களுக்கு மத்தியில் இருக்கும் ஊர். இந்தப் பக்கம் 1965-ல் வந்த வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி. தேனி ரோட்டில் இன்னும் மேற்கே போனால் பல்கலை நகர். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். அவருக்குப் பின் 1971-ல் மு. வரதராசனார். 1978-ல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. சுற்றிலும் மலை, குகை, மயில், சமணர் படுக்கை, நடுவே நூலகம். ஒரு துப்பறியும் நாவலுக்கு இதைவிட நல்ல செட் போட முடியாது.

ஆனால் தமிழ்த் துப்பறியும் கதை வேறு வழியில் நடந்தது. 1908-ல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் பின்னால் சினிமாவிலும் வந்தார். 1950-ல் நம்பியார் பல வேஷம் போட்டு நடித்த படம் அது. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்துக்கொண்டே உலகம் சுற்றினார். இவர்கள் எல்லாம் தோற்காத வீரர்கள்.

சிரிப்பை உள்ளே கொண்டுவந்தவர் தேவன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படித்து, கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்து, ஆனந்த விகடனில் சேர்ந்தவர். 1942-ல் விகடனில் 'துப்பறியும் சாம்பு' எழுத ஆரம்பித்தார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஓடிய வருஷம் அது. அந்தப் பயத்தின் நடுவில், பேங்கில் குமாஸ்தாவாக இருந்து வேலை போன, ஊரே அசடு என்று நினைத்த ஒரு மனிதர் துப்பறிய வந்தார். அவர் தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். உளறுவார், உளறியது துப்பாக மாறும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். ஐம்பது கதைகள், ராஜுவின் படங்களோடு வந்தன. பின்னால் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தது உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஃபென்னையும் சாம்புவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் யுத்தகால மனிதர்கள். ஃபென் வரும் முதல் நாவல் 1944. அங்கே எல்லாம் தெரிந்த பேராசிரியர், சாதாரண மனிதர் மாதிரி நடந்துகொள்ளத் தெரியாமல் சிரிக்கவைக்கிறார். இங்கே எதுவும் தெரியாத குமாஸ்தா, எல்லாம் தெரிந்தவர்களைத் தோற்கடித்துச் சிரிக்கவைக்கிறார். இரண்டிலும் கேலிக்கு ஆளாவது ஒன்றுதான்: நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

பிறகு சுஜாதா வந்தார். வக்கீல் கணேஷ், ஜூனியர் வசந்த். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை வசந்த் கடைசிவரை முழுதாகச் சொல்லவே இல்லை. அடுத்து மாதம் ஒரு நாவலாகப் பெட்டிக்கடைகளில் தொங்கிய காலம். ராஜேஷ்குமார், பரத்-சுசீலாவை வைத்து எழுதிய பட்டுக்கோட்டை பிரபாகர், நரேன்-வைஜயந்தியை வைத்து எழுதிய சுபா. உங்களில் பலர் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தது இவர்களைத்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

இத்தனை பேர் வந்தும், தமிழில் பேராசிரியர் துப்பறிவது ஒரு மரபாக வளரவில்லை. போலீஸ், வக்கீல், ஏஜென்சிக்காரர், குமாஸ்தா எல்லோரும் துப்பறிந்தார்கள். ஐயா மட்டும் துப்பறியவில்லை. காரணம் என்ன?

வாத்தியாரைக் கேலி செய்வது நம் வழக்கமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 'பரமார்த்த குருவின் கதை' எழுதினார். ஒரு குரு, ஐந்து சீடர்கள், ஆறு பேருக்கும் புத்தி கிடையாது. ஜனங்கள் சிரித்துச் சிரித்து அதைப் பாட்டி கதையாகவே ஆக்கிக்கொண்டார்கள். துப்பறிந்து நீதி சொல்லும் மரியாதைராமனும் நம்மிடம் உண்டு. ஆக, சிரிக்கத் தகுந்த குருவும் இருக்கிறார், சிரிக்கவைத்துக்கொண்டே உண்மையைப் பிடிக்கிறவரும் இருக்கிறார். இரண்டையும் ஒரே கல்லூரி வளாகத்தில் சேர்க்கத்தான் தயங்கினோம்.

என் கணிப்பு இது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு எண்ணூறு வருஷப் பழசு. அதைக் கேலி செய்தால் ஒன்றும் உதிர்ந்துவிடாது. நம்மிடம் கல்லூரி என்பது நேற்று வந்தது. ஒரு குடும்பத்தில் முதல்முதலாக ஒரு பிள்ளை அந்தக் கேட்டுக்குள் நுழைய, அப்பா நிலத்தை விற்றிருக்கிறார், அம்மா கம்மலை அடகு வைத்திருக்கிறார். அந்த இடத்தைப் பார்த்துச் சிரிக்க மனசு வராது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது பட்ட பாட்டின் மரியாதை. ஆனால் இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் படித்து வந்துவிட்டார்கள். இனி சிரிக்கலாம். சேயர்ஸ் செய்ததும் அதுதானே. உள்ளே விடாத இடத்துக்குள் போராடி நுழைந்து, பட்டம் வாங்கி, பதினைந்து வருஷம் கழித்து அதை வைத்து நாவல் எழுதினார். சிரிப்பது என்றால் இது என் இடம் என்று உரிமையோடு உட்காருவது.

இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980-ல் ஒரு நாவல் எழுதினார். 'ரோஜாவின் பெயர்'. பழைய காலத்து மடம், அதில் ஒரு பெரிய நூலகம், வரிசையாகச் சாவுகள். எல்லாம் எதனால்? சிரிப்பைப் பற்றி எழுதப்பட்ட ஒரு புத்தகத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்பதால். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தால் பயம் போய்விடும், பயம் போனால் அதிகாரம் போய்விடும் என்று ஒரு பெரியவர் நினைக்கிறார். அம்மா பேத்தி, உன்னைத் திருப்பி அனுப்பிய பெரியவரை நான் அந்த அளவுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் சிரிப்பு ஆராய்ச்சிக்கு ஆகாது என்பவரிடம் நீ என் கேள்வியையே கேட்கலாம்: "ஐயா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" மரியாதையாகக் கேள். கைகட்டிக் கேட்டாலும் சரி, கேள்.

அவளிடம் சொன்ன இன்னொரு விஷயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். ஆராயத் தகுதி இல்லை என்று சொல்லப்படும் புத்தகத்துக்குத்தான் முதலில் ஆபத்து. காப்பியத்தை நூலகம் காப்பாற்றும். பாக்கெட் நாவலைப் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுப்பார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். அச்சில் வந்த எதையும் அவர் தள்ளவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மலிவு நாவல் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நம் வீட்டில் குப்பை என்று நினைத்ததைக் கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் தேடிவந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில், அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய துப்பறியும் நாவல், மாத நாவல், பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு தொடர்கதை இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த வருஷம், யார் வாங்கியது, எந்த ஊர்க் கடை முத்திரை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். உள் அட்டையில் யாராவது பெயர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். அதுவும் ஒரு துப்புதான். பேத்திக்கு வேண்டியதை அவள் வந்து பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்வாள். புத்தகம் உங்களிடமே இருக்கும்.

அவள் தலைப்பை மாற்றவில்லை. வேறு நெறியாளரைப் பார்க்கப் போகிறாள். உங்களில் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இந்தத் துறையில் அக்கறை உள்ளவர் யார் என்று தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுகிறது, மோர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் 'எப்படித் தெரியும்' சார்
நாகமலை புதுக்கோட்டை